ஆகாய யாத்திரைக்கு முன்னால்

வெள்ளிக்கிழமை இரவு எப்போது முடிகிறது? மூன்று வருஷங்களுக்கு முன் யாராவது நம்மிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், "இது என்ன கேள்வி? சனிக்கிழமை பொழுது விடிந்தால் முடிகிறது" என்று சிறிதும் யோசியாமல் பதில் சொல்லியிருப்போம். நம்முடைய பஞ்சாங்கமும் அப்படித்தான் சொல்லுகிறது. சூரியோதயம் முதல் மறு சூரியோதயம் வரையில் ஒரு நாள். இரவு இரண்டு மணிக்குப் பிறந்த குழந்தை நம் ஜோசியர் கணக்கில் முதல் நாள் பிறந்த குழந்தைதான். ஆனால் விமானக் கம்பெனிக்காரர்களுக்குப் பஞ்சாங்கம் பார்க்கும் வழக்கம் கிடையாது. அவர்களுக்கு நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததும் தேதி மாறிவிடுகிறது.

இந்தச் சிறு வித்தியாசத்தை நாம் கற்றுக்கொண்ட விதம் அவ்வளவு சந்தோஷமானதல்ல. கும்பகோணத்தில் வசிக்கும் நம் தமக்கையாரின் ஒரே பெண் லண்டனில் குடித்தனம் செய்கிறாள். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவது நம்மவர் வழக்கம். பெண் கடலுக்கு அப்பால் இருந்துவிட்டால், தாய்வீடு பெண்ணிடம் பறந்து போக வேண்டியதாகிறது. அவ்விதமே டிக்கெட் வாங்கப்பட்டது. அதில் "15, சனிக்கிழமை, 01:40" என்று தெளிவாகத்தான் அச்சாகியிருந்தது. குடும்பத்தில் பட்டம் பெற்றவர் நாம். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவரும் நாம். ஆகவே டிக்கெட்டைப் படித்துப் பொருள் சொல்லும் பொறுப்பு நம்மிடமே விடப்பட்டது. "சனிக்கிழமை இரவு விமானம்" என்று நாமும் தீர்ப்புச் சொல்லிவிட்டோம்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மோட்டார் வண்டிகளில் பத்துப் பேர் புறப்பட்டு, இரவு பத்து மணிக்கு மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். வாசலில் நின்ற காவலர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "சார், இது இன்றைக்கு விடியற்காலமே போய்விட்டதே!" என்றார்.

தமக்கையார் அழவில்லை. பெண்ணுக்காகத் தாமே இடித்த பிரசவ லேகியத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், "போகட்டும் தம்பி, அடுத்த வண்டி எப்போது?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வண்டிக்கு இடம் கிடைக்க நான்கு நாட்களாயின. பழைய டிக்கெட்டில் சில வரிகளைத் தவிர வேறொன்றும் திரும்பி வரவில்லை. பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். மூன்றாம் நாள் லண்டனில் குழந்தை பிறந்துவிட்டது. அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு வேதனைப்பட்ட நேரத்தில் தாயார் கும்பகோணத்துத் திண்ணையில் உட்கார்ந்து டெலிபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் நம்முடைய கணக்கு.

அன்று முதல் உற்றார் உறவினரில் யார் வெளிநாடு போனாலும், ஊரில் தெரிந்தவர் யார் போனாலும், அவர்களுடைய காகிதங்களை வாங்கிப் பார்த்து வழியனுப்புவதை நாம் ஒரு விரதமாகவே கொண்டிருக்கிறோம். அந்த அனுபவத்தில் கண்டது ஒன்று: ஆகாயத்தில் கஷ்டம் மிகக் குறைவு. இடையூறுகளெல்லாம் பூமியில், மேஜைகளுக்கு முன்னால்தான் நேருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே தவிர்க்கக் கூடியவை. இன்னொன்றும் கண்டோம். பிரயாணம் செய்கிற முதியவரிடம் அந்தப் பிரயாணத்தைப் பற்றி வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லுவதில்லை. "நீ சும்மா இரு அம்மா, எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்ளுகிறோம்" என்று பிள்ளைகள் சொல்லி, பார்ஸல் அனுப்புவதுபோல் அனுப்பிவிடுகிறார்கள். பார்ஸலிடம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பெற்ற தாயாரிடம் நான்கு உத்தியோகஸ்தர்கள் கேட்பார்கள்.

1948-ஆம் வருஷம் ஜூன் 8-ந் தேதி, சுதந்திரம் பெற்று ஒரு வருஷம்கூட நிறையாத நம் தேசத்தின் விமானம் ஒன்று பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தது. 'மலபார் பிரின்ஸஸ்' என்பது அதன் பெயர். அதில் ஏறியவர்கள் 35 பேர். அந்தக் காலத்தில் விமானப் பிரயாணிக்குச் சம்பந்தி மரியாதை நடந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. இன்று மாயவரத்துப் பாட்டியும் தேவகோட்டைத் தாத்தாவும் ஏறுகிறார்கள். அது நல்லதே. ஆனால் சம்பந்தி மரியாதையை எதிர்பார்த்துப் போகக்கூடாது.

முதலில் தேதியைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊர்களிலிருந்து அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் செல்லும் விமானங்களில் பல, நள்ளிரவுக்கும் விடியற்காலத்துக்கும் இடையில் புறப்படுகின்றன. விமானம் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் ஒரு மணி நேரம் முன்பே பெட்டி வாங்கும் மேஜையை மூடிவிடும். அதன் பிறகு அழுதாலும் திறவாது. ஆகவே 15-ந் தேதி 01:40-க்கு விமானம் என்றால், 14-ந் தேதி இரவு 10:40-க்கு மீனம்பாக்கத்தில் நிற்க வேண்டும். 14-ந் தேதி மத்தியானம் கும்பகோணத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். வீட்டுக் காலண்டரில் 15-ல் வட்டம் போடாதீர்கள். 14-ல் போடுங்கள். பக்கத்தில், "மத்தியானம் சாப்பிட்டதும் கிளம்புவது" என்று தமிழில் எழுதுங்கள். டிக்கெட்டில் காணும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம் என்பதும், நேரத்துக்கு அருகில் சிறியதாக "+1" என்றிருந்தால் மறுநாள் போய்ச் சேரும் என்பதும் அழைத்துப் போக வருகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மருமகப்பிள்ளை ஒரு நாள் முன்னதாக வந்து வீணாகக் காத்து நிற்பார்.

அடுத்தது பெயர். இதில் நம் தமிழர்களுக்கு உள்ள சங்கடம் வேறு யாருக்கும் இவ்வளவு இல்லை எனலாம். உலகத்துப் பாரங்களெல்லாம் ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு குடும்பப் பெயர் உண்டு என்ற நம்பிக்கையில் அச்சடிக்கப்பட்டவை. நமக்கோ தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான். 1929-ஆம் வருஷம் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக்கொள்வதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் செய்தது. தமிழ் நாடு அதை ஏறக்குறைய நிறைவேற்றியும் காட்டியது. அது பெருமைப்படத் தக்க காரியம் என்றே கருதுகிறோம். அந்தப் பெருமைக்கு நாம் இன்று விமான நிலைய மேஜைகளில் கொஞ்சம் விலை கொடுத்து வருகிறோம்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விஸாவில் இருக்கிற பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டு, முதற் பெயர் தெரியவில்லை என்பதற்கு அடையாளமாக 'எஃப்.என்.யூ.' என்று எழுதுகிறார்கள். அங்கே போய் இறங்கிய நமக்குத் தெரிந்த ஒரு மாமியை உத்தியோகஸ்தர் "மிஸஸ் ஃப்னூ!" என்று கூப்பிட்டாராம், யாரையோ கூப்பிடுகிறார் என்று மாமி சும்மா நின்றாராம். இது சிரித்துவிட்டுப் போகக் கூடிய விஷயம். ஐக்கிய அரபு அமீரகத்து விதி அப்படியல்ல. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா விஸாவிலோ வருகை விஸாவிலோ வரக்கூடாதென்று 2022-ஆம் வருஷம் நவம்பரில் அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வதாகத் தளர்த்தியது. புதிதாகப் பாஸ்போர்ட்டுக்கு மனுச் செய்கிறவர்கள் முதலெழுத்தை முழுப் பெயராக விரித்து இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுவது உத்தமம். ஏற்கெனவே பாஸ்போர்ட் உள்ளவர்கள், அதில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே டிக்கெட்டிலும் விஸாவிலும் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ரேஷன் கார்டில் உள்ள பெயர், ஊரில் கூப்பிடும் பெயர், ஜோசியர் மாற்றச் சொன்ன எழுத்து எதுவும் உதவாது. 'லக்ஷ்மி', 'லட்சுமி' இரண்டும் நமக்கு ஒரே தேவிதான். கம்ப்யூட்டருக்கு இருவர்.

பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குக் கொடுக்கப்படுகிறது. அதை ஒன்பதரை வருஷத்துப் பத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போய் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது கெடு மீதி இருக்க வேண்டும் என்று பல நாடுகள் விதித்திருக்கின்றன. செல்லுபடியாகும் விஸா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் இரண்டையும் சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும். நம் தேசத்தில் இந்தியப் பிரஜைகள் வரும்போது நிரப்ப வேண்டிய சீட்டு 2014-லும், போகும்போது நிரப்ப வேண்டியது 2017-லும் எடுபட்டுவிட்டன. ஆனால் மற்றத் தேசங்கள் தங்கள் சீட்டைக் கம்ப்யூட்டரில் கேட்கின்றன. உதாரணமாக, சிங்கப்பூருக்குச் செல்கிறவர் இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் வருகைச் சீட்டை நிரப்பியாக வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் இடம் போலி.

இனிச் சமையலறைக்கு வருவோம். ஏனெனில் நம்மவர் பெட்டிகள் நிரம்புவது அங்கேதான்.

பெண்ணுக்கோ பிள்ளைக்கோ ஒரு வருஷத்துக்கு வேண்டிய பொடிகளையும் ஊறுகாய்களையும் இருபத்து மூன்று கிலோவுக்குள் அடக்கும் வித்தையைத் தமிழ்த் தாய்மார்கள் எந்தக் கலாசாலையிலும் கற்கவில்லை. அந்த அன்பைக் குறை கூற நமக்கு மனம் வராது. ஆனால் சில பண்டங்களின் ஜாதகத்தை அறிந்து வைத்துக்கொள்வது நல்லது. குருமாவுக்கு அரைத்து விடும் கசகசா, அபின் செடியின் விதை. நமக்கு அது மளிகைச் சாமான். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது போதைப் பொருள் சட்டத்துக்கு உட்பட்ட சரக்கு. சிங்கப்பூரிலும் அப்படியே கண்டிப்பு. ஒரு கைப்பிடி கசகசாவுக்காகச் சிறைக் கதவைப் பார்க்க வேண்டாம். மசாலாப் பொடியில் அது கலந்திருந்தால் அந்தப் பொடியும் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் விட மாட்டார்கள். நாரத்தை, எலுமிச்சை இனத்து மரங்களை அழிக்கும் ஒரு நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டி வரும் என்பது காரணம். கொப்பரைத் தேங்காயோ தானே சூடேறித் தீப்பற்றக் கூடியதென்று விமானச் சட்டத்தில் அபாயப் பொருள்களோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. எண்ணெய் வழியும் கொப்பரையை மூட்டையாகக் கட்டி வெயிலில் போட்டுப் பார்த்தவர்கள் இதை நம்புவார்கள்.

ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே இறங்குமுன் கொடுக்கும் சீட்டில், தின்பண்டம் உண்டா என்ற கேள்விக்கு, ஒரே ஒரு முறுக்கு இருந்தாலும் "உண்டு" என்று எழுதிவிட வேண்டும். உண்டு என்று சொல்லிக் காட்டினால், கூடாத பண்டமானால் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவோடு போயிற்று. இல்லை என்று சொல்லி அகப்பட்டால் அபராதம் பெரிது. விஸாவே ரத்தாகவும் கூடும். உப்புப் போட்ட மாங்காய் ஊறுகாய்க்காகப் பொய் சொல்லும் பாபம் எதற்கு?

கையில் எடுத்துச் செல்லும் பையில் 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட பாத்திரத்தில் நீர்ப்பொருள் எதுவும் கூடாது. 2006-ஆம் வருஷம் ஆகஸ்டில், திரவ வெடிமருந்தால் விமானங்களைத் தகர்க்க லண்டனில் நடந்த சதி வெளியானதிலிருந்து இந்த விதி. புதுவித யந்திரங்கள் வந்த சில நிலையங்களில் இதைத் தளர்த்தியிருக்கிறார்கள்; ஆனால் நடுவில் மாறும் ஊரில் எப்படியோ என்பதால் அதை நம்பிப் போக வேண்டாம். நெய், ஊறுகாய், புளிக்காய்ச்சல், தேன், தைலம் ஆகிய அனைத்தும் நீர்ப்பொருள்களே. "நெய் உறைந்துதானே இருக்கிறது?" என்று வாதாடிய ஒருவரை நாம் அறிவோம். நெய் அங்கேயே தங்கிவிட்டது. இவற்றையெல்லாம் நன்றாகக் கட்டிப் பெரிய பெட்டியில் வைப்பதே முறை.

பெரிய பெட்டியில் ஒருபோதும் வைக்கக் கூடாத பொருள் ஒன்று உண்டு. அதுதான் கைபேசிக்கு மின்சாரம் ஏற்றும் 'பவர் பாங்க்'. அதன் உள்ளே இருக்கும் லித்தியம் பாட்டரி தீப்பிடித்தால், பிரயாணிகள் பகுதியில் யாராவது பார்த்து அணைக்கலாம். சாமான் அறையில் பார்ப்பாரில்லை. 2025-ஆம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி தென்கொரியாவின் பூசான் நகரில் தரையில் நின்ற ஒரு விமானம் எரிந்து போயிற்று. தலைக்கு மேலுள்ள பலகையில் யாரோ வைத்த பவர் பாங்க் காரணமாயிருக்கலாம் என்று விசாரணைக்காரர்கள் சொன்னார்கள். அதன் பிறகு பல கம்பெனிகள், விமானத்துக்குள் அதை உபயோகிக்கவே கூடாதென்று தடுத்துவிட்டன. அளவு 100 வாட்-மணிக்குள் இருந்தால் கையில் கொண்டுபோகலாம். அதன்மேல் வாட்-மணி அச்சாகாமல் மில்லி ஆம்பியர்-மணி மட்டும் இருந்தால், அந்த எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 20,000 என்றிருந்தால் 74 வருகிறது, பயமில்லை. தேதி விஷயத்தில் கணக்குத் தவறிய ஆசிரியர் சொல்லும் கணக்கென்று தள்ளிவிட வேண்டாம். இதைச் சரிபார்த்தே எழுதுகிறோம்.

சைவ உணவுக்காரர்கள் கவனிக்க வேண்டிய விசித்திரம் ஒன்று. விமானக் கம்பெனிகளின் உணவு ஜாபிதாவில் 'இந்து உணவு' என்று ஓர் இனம் காணும், குறி எச்.என்.எம்.எல். நம்மவர்கள் ஆனந்தமாக அதைக் கேட்டுவிடுகிறார்கள். தட்டைத் திறந்தால் கோழி இருக்கும்! மாட்டிறைச்சி இல்லாத உணவு என்பதுதான் அதன் பொருள்; மரக்கறி என்பதல்ல. நம் முறைச் சைவ உணவு வேண்டுமானால் ஏ.வி.எம்.எல். என்று கேட்க வேண்டும். அதையும் டிக்கெட் வாங்கும்போதே பதிவு செய்துவிட வேண்டும். விமானத்துக்குள் ஏறிய பிறகு கேட்டால் ரொட்டியும் பழமும்தான். எதற்கும் எண்ணெய் தடவிய மிளகாய்ப் பொடி இட்லி நான்கு கைப்பையில் இருக்கட்டும். அதை எந்தத் தேசத்திலும் இறங்குமுன் சாப்பிட்டுத் தீர்த்துவிடுவதே நலம்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்று, ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்துக் காற்றுக்குச் சமானம். அதாவது உதகமண்டலத்தில் உட்கார்ந்திருப்பது போல. ஆனால் ஈரம் மட்டும் மிகக் குறைவு. அடிக்கடி தண்ணீர் குடிப்பதும், இரண்டு மணிக்கு ஒரு முறை எழுந்து நடப்பதும் அவசியம்; கால் நரம்புகளில் ரத்தம் கட்டிக்கொள்வதற்கு நீண்ட நேரம் அசையாமல் உட்காருவதே காரணம். இறங்கும்போது காது அடைத்தால் எச்சிலை விழுங்கலாம். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். மாத்திரைகளை அவற்றின் அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் கைப்பையிலேயே வைக்க வேண்டும். நம் கடைகளில் சர்வ சாதாரணமாக வாங்கும் சில இருமல் மருந்துகளிலும் வலி மாத்திரைகளிலும் உள்ள கோடீன், டிரமடால் ஆகியவை அரபு நாடுகளில் கண்டிப்பான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. இன்ஸுலின் ஒருபோதும் பெரிய பெட்டியில் போகக்கூடாது; சாமான் அறைக் குளிரில் உறைந்து கெட்டுவிடலாம். மேற்கே போகிறவர்களுக்கு அன்றைய பகல் நீளுவதால், எந்த வேளை எவ்வளவு போட்டுக்கொள்வது என்று டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமென்று நாம் கருதும் விஷயத்துக்கு வருகிறோம்.

சக்கர நாற்காலி கேட்டுப் பெறுகிற நம் முதியவர்களைப் பார்த்துச் சிலர் ஏளனம் செய்கிறார்கள். "கோயிலை மூன்று சுற்றுச் சுற்றுகிறவருக்கு இங்கே நடக்க முடியாதா?" என்கிறார்கள். நடக்க முடியும். பாஷைதான் வராது. இறங்குமிடம், மாறுமிடம், வாசல் எண் எல்லாவற்றையும் அந்நிய பாஷையில் படித்து, ஒலிபெருக்கியில் கேட்டு, ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒரு ஊர் அளவுள்ள கட்டடத்தைக் கடக்க வேண்டும். நாற்காலியைத் தள்ளுகிற ஆள் வழியும் காட்டுகிறான் என்பதற்காகவே கேட்கிறார்கள். மூட்டுவலியும் மூப்பும் உள்ளவர்கள் தயங்காமல் கேட்கலாம். நாற்பத்தெட்டு மணி நேரம் முன்னதாகச் சொல்லி வைத்தால் கட்டணமின்றி ஏற்பாடு செய்வார்கள். ஆனால் நல்ல காலுள்ள தாயாருக்கு நாற்காலியை வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று பிள்ளைகள் எண்ணக்கூடாது. நாற்காலி, குடியேற்ற அதிகாரியின் மேஜை வரையில்தான் கொண்டுபோய் விடும். பதிலை அம்மாள்தான் சொல்ல வேண்டும்.

அங்கே கேட்கும் கேள்விகள் அதிகமில்லை. எதற்காக வந்தீர்கள்? யார் வீட்டில் தங்குவீர்கள்? எத்தனை நாள்? எப்போது திரும்புவீர்கள்? இவற்றுக்கு நான்கு வாக்கியங்களை வீட்டில் ஒரு வாரம் பழக்கினால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை. "பேரனைப் பார்க்க வந்தேன்" என்பது நாம் சொல்வது. "பேரனைப் பார்த்துக்கொள்ள வந்தேன்" என்பதும் நாம் சொல்வதுதான். நமக்கு இரண்டும் ஒன்றே. பாட்டி என்பவள் பார்ப்பதோடு நிறுத்திவிடுவாளா? ஆனால் அதை இங்கிலீஷில் பெயர்த்தால், சம்பளமில்லாத ஆயா உத்தியோகத்துக்கு வந்திருக்கிறாள் என்று அதிகாரி எண்ண இடமுண்டு. விருந்தினராக விஸா வாங்கியவர் உத்தியோகம் பார்க்கலாகாது. பொய் சொல்லச் சொல்லவில்லை. பெண்ணையும் பேரக்குழந்தையையும் கண்டு அவர்களோடு சில மாதம் இருக்க வந்திருப்பதுதானே மெய்? அதை மட்டும் சொன்னால் போதும். பாஷை வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்பதில் வெட்கமே இல்லை. புரியாத கேள்விக்குத் தலையாட்டுவதைவிட அது ஆயிரம் மடங்கு கௌரவம். அமெரிக்காவில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: விஸா பத்து வருஷத்துக்கு இருந்தாலும், அந்த முறை எந்தத் தேதி வரை தங்கலாம் என்று இறங்கும்போது அதிகாரி தீர்மானிப்பதே செல்லும்.

ஆகவே தாயாரின் கைப்பையில் ஒரு தாள் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் இங்கிலீஷிலும், போகும் வீட்டு விலாசம், டெலிபோன் எண்கள், விமான எண்கள், மாறும் ஊர், உட்கொள்ளும் மருந்துகள். கைபேசியில் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். கைபேசி உயிரை விடுவதற்கு அந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுக்கும்.

நடுவில் விமானம் மாறுவதானால், முழுப் பிரயாணமும் ஒரே டிக்கெட்டில் இருப்பது விசேஷம். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு கம்பெனியுடையது. மலிவாயிருக்கிறதென்று இரண்டு தனி டிக்கெட்டுகள் வாங்கினால் அந்தப் பொறுப்பு நம் தலைமேல். சில தேசங்களில் விமானம் மாறுவதற்கே தனி விஸா உண்டு. விசாரித்துக்கொண்டே டிக்கெட் வாங்குக. அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டிகளை எடுத்துச் சுங்கத்தில் காட்டி மறுபடி ஒப்படைக்க வேண்டும். பெட்டி தானே வந்துவிடும் என்று போகிறவர்கள் உண்டு.

பெட்டி வராவிட்டால்? அழுதுகொண்டு வெளியே வந்துவிடக் கூடாது. நிலையத்தை விட்டு வெளியேறுமுன் புகார்ச் சீட்டு எழுதி எண் வாங்க வேண்டும். 1999-ஆம் வருஷத்து மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் நம் தேசம் 2009-ல் சேர்ந்தது. அதன்படி பெட்டி சேதமாயிருந்தால் ஏழு நாட்களுக்குள்ளும், தாமதித்து வந்தால் கைக்குக் கிடைத்த இருபத்தொரு நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். இருபத்தொரு நாளாகியும் வராதது தொலைந்ததாகவே கணக்கு. நஷ்ட ஈட்டின் உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28-ந் தேதி முதல் ஒரு பிரயாணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்.; இது சர்வதேச நிதி நிறுவனம் கணக்குக்காக வைத்திருக்கும் நாணய அளவு; ரூபாயில் லட்சத்துக்கு மேல் வரும். ஆகவே பெட்டியைப் பூட்டுமுன் உள்ளும் புறமும் ஒரு போட்டோ எடுத்து வைப்பது வீண் வேலையல்ல. பாஸ்போர்ட், மருந்து, நகை மூன்றும் அதில் வேண்டாம். நகை நிறைய அணிந்து போகிறவர்கள், போகும்போதே சுங்க மேஜையில் அதைக் காட்டி அத்தாட்சிச் சீட்டு வாங்கிக்கொண்டால், திரும்பும்போது "இதை எங்கே வாங்கினீர்கள்?" என்று பாட்டியார் காலத்து அட்டிகையைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

நம் தமக்கையார் போன வருஷம் இரண்டாம் முறை லண்டனுக்குப் போனார். இம்முறை மீனம்பாக்கம் அல்ல. 2024 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்ட திருச்சிராப்பள்ளிப் புதுக் கட்டடத்திலிருந்து. பாஸ்போர்ட்டை நம்மிடம் கொடுக்க மறுத்துவிட்டார். தாளையும் தம் கைப்படவே எழுதி வைத்திருந்தார். பேரன் பெயரும் பிறந்த தேதியும் அதில் முதல் வரி. ஒரு வாரம் முன்னதாகவே டெலிபோனில் கூப்பிட்டார்.

"தம்பி, வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். டிக்கெட்டில் வெள்ளிக்கிழமை என்று போட்டிருக்கும். நீ அதைப் பார்த்துக் குழம்பாதே" என்றார்.